அளவுத் தோல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் ‘நார்மல்’. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி, “நார்மல், டீ ஆறுது”, “நார்மல், உங்க அப்பா போன்ல இருக்கார்”, “ஏன் நார்மல், இன்னிக்கு முகம் அப்நார்மலா இருக்கு?” என்றுதான் நாள் ஓடும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அந்தப் பெயருக்கு மட்டும் கோபம் வந்ததில்லை. உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பெயர் வந்த விதம் இது. அங்கே யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே முழங்கைக்குக் கீழே ஒரு துளித் தோலைக் கொடுத்துவிட வேண்டும். சட்டமெல்லாம் இல்லை, வழக்கம். கூடத்தின் தலைவியான டாக்டரம்மாவே மரத்துப்போகும் ஊசி போட்டு, பென்சில் முனை அளவுக்கு ஒரு துணுக்கை எடுத்து, வெளிர்சிவப்புத் திரவம் இருக்கும் கிண்ணத்தில் போடுவார். பிறகு எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும். தோலைக் கொடுத்தவருக்கு ஒரு பிஸ்கட் அதிகம்.

இந்தத் தோல் எதற்கென்றால், ஒப்பிட்டுப் பார்க்க. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது கொலாஜனை. எலும்பு என்றால் சுண்ணாம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெறும் சுண்ணாம்பாக இருந்தால் அது சாக்பீஸ் மாதிரிப் படக்கென்று ஒடிந்துவிடும். ஒடியாமல் பிடித்துவைப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழை முறுக்கிய கயிறு. அந்தக் கயிறு பிறவியிலேயே சரியில்லாத குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டிவிடும்போதுகூட எலும்பு முறியலாம். எலும்பைக் கிள்ளிப் பார்க்க முடியாது. ஆனால் அதே கொலாஜன் தோலிலும் இருக்கிறது. அதனால் தோலைக் கிள்ளி, அதிலுள்ள செல்களைக் குடுவையில் வளர்த்து, அவை செய்து தள்ளும் கொலாஜனை ஜெல் என்கிற மெல்லிய கூழ்ப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புப் பட்டைகளாகப் பார்ப்போம்.

முக்கியமான பட்டைகள் இரண்டு வகை. முதல் வகைக் கொலாஜன் தடியாக, மை கொட்டினாற்போல வரும். மூன்றாம் வகை அதற்குப் பக்கத்தில் மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று வரும். நோய் கடுமையாக உள்ள பிள்ளைகளுக்கு முதல் வகைப் பட்டை இடம் மாறி நிற்கும். அதைத் தூக்கத்தில் பார்த்தாலும் சொல்லிவிடலாம். லேசான நோயில் பட்டை இடம் மாறாது, அளவுதான் பாதியாகக் குறையும். முதல் வகை குறைந்தால் மூன்றாம் வகை எடுப்பாகத் தெரியும். எவ்வளவு எடுப்பாகத் தெரிந்தால் நோய் என்று சொல்ல, பக்கத்திலேயே நோயில்லாத ஒருவரின் பட்டை ஓட வேண்டும். எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவை டாக்டரம்மாவின் செல்கள். செல்களுக்கும் வயதாகும். அவை வளராமல் நின்ற சமயம் பார்த்து நான் வேலைக்குச் சேர்ந்தேன். என் செல்கள் நன்றாக வளர்ந்தன. அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் நார்மல் என்றால் நான்தான்.

இன்னொருவர் இருந்தார். கண்ணாடி அத்தனை தடிமன் என்பதால் அவரை எல்லோரும் ‘சோடா’ என்போம். ஜெல் ஊற்றுவதில் அவரை அடிக்க ஆளில்லை. ஊசி என்றால் மட்டும் உயிர் போய்விடும். ஒன்பது வருடமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தோல் கொடுக்காமல் தப்பித்துவந்தார்.

“சார், நீங்க மட்டும் தோலைக் குடுத்திருந்தா உங்களைத்தானே நார்மல்னு கூப்பிட்டிருப்பாங்க?”

“என்னை நார்மல்னு சொன்னா எந்த ஜர்னல்லயும் நம்ப மாட்டாங்கம்மா.”

அந்த அறைகளை நினைத்தால் இன்றும் மனம் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. காலையில் முதல் வேலை வைட்டமின் சி கரைப்பது. அது இல்லாவிட்டால் செல்கள் ஒழுங்காகக் கொலாஜன் செய்யாது. கரைத்து வைத்தால் வீரியம் போய்விடும் என்பதால் தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் ஒரு வெதுவெதுப்பு முகத்தில் படும். உள்ளே வரிசையாகக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் எங்கோ இருக்கிற ஒரு பிள்ளையின் தோல் உயிரோடு. ஒவ்வொன்றுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போவேன். மனசுக்குள் “குடிங்கடா கண்ணுங்களா” என்று சொல்லிக்கொள்வேன். யாராவது கேட்டிருந்தால் மானம் போயிருக்கும். இப்போது யந்திரத்தில் ரத்தத்தைக் கொடுத்தால் மரபணுவையே படித்துக் காட்டிவிடுகிறதாம். நல்லதுதான். எனக்கென்னவோ அந்தக் குடுவைகளின் ஞாபகம்தான் வருகிறது.

அந்த மாதிரி ஒரு காலை வேளையில்தான் தையல்காரி வந்தாள்.

வாசலில் இருந்த காவலாளியை எப்படித் தாண்டினாள் என்று தெரியாது. நான் திரும்பும்போது கதவருகே நின்றிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கலாம். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து கடையிலிருந்து அப்படியே வந்துவிட்டாள்போல. கையில் எங்கள் அறிக்கையின் நகல்.

“இங்கெல்லாம் வரக் கூடாது. யாரும்மா நீங்க?” என்றேன். என் குரலில் மரியாதை இருந்தது, கனிவு இல்லை.

“இந்தக் காயிதம் நீங்க எழுதுனதாக்கா?”

வாங்கிப் பார்த்தேன். அறிக்கை எண்ணைப் பார்த்ததும் எந்தக் குழந்தை என்று தெரிந்தது. பெண் குழந்தை, தோல் எடுத்தபோது ஒன்பது மாதம். விலா எலும்பு இரண்டு, தொடை ஒன்று, கை ஒன்று. எட்டு மாதக் குழந்தைக்கு எப்படி நாலு எலும்பு முறியும் என்று மருத்துவமனையில் சந்தேகப்பட்டு, குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தகப்பன் லாரி ஓட்டுகிறவன், வாரக்கணக்கில் வெளியே. வீட்டில் இருந்தது தாய் மட்டும். எலும்பு நோய் இருக்கிறதா என்று எங்களிடம் கேட்டார்கள். ஜெல்லை ஓட்டியது சோடா. பட்டைகளை ஒப்பிட்டது நான். கையெழுத்து டாக்டரம்மா. ‘கொலாஜன் இயல்பாக உள்ளது.’ நோய் இல்லையென்றால் உடைத்தது யார்? அதை நாங்கள் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை.

“நாங்க பாத்ததைத்தான் எழுதியிருக்கோம். எதுவா இருந்தாலும் கோர்ட்ல பேசிக்கோங்க” என்றேன்.

“சண்டை போட வரலைக்கா. இன்னும் ஏழு வாரத்துல கடைசித் தீர்ப்பு. பிள்ளையை வேற யாருக்கோ குடுத்துருவாங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாக்க விடறாங்க, தூக்கக் கூடாதாம். எம்பிள்ளையோட தோல் இங்க உசிரோட இருக்குன்னு சொன்னாங்க. அதையாவது பாத்துட்டுப் போயிடறேன்.”

விரட்டித்தான் இருக்க வேண்டும், விதி அதுதான். ஆனால் “உசிரோட” என்று அவள் சொன்னதும் இன்குபேட்டர் பக்கம் திரும்பினேன். நான் தினமும் மனசுக்குள் கொஞ்சிய குடுவைகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரி வந்து நிற்கிறாள். எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் நானும் குனிந்து, கன்னத்தோடு கன்னம் இடிக்கிற மாதிரி நின்று திருகிக் கொடுத்தேன்.

“நீளநீளமா ஏதோ தெரியுது. மீன் மாதிரி.”

“அதான். அதுதான் உங்க பொண்ணு.”

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். ஜன்னல் வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் செல்களை விட்டுவிட்டு என்னையே உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, உங்களுக்கு எம்பிள்ளை கண்ணு.”

“என்னது?”

“வெள்ளை முழியில நீலம். அவளுக்கும் இதே நீலம்தான். டாக்டருங்ககிட்ட சொன்னேன். சின்னப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும், பெரிசானா போயிரும்னாங்க. உங்களுக்குப் போகலியே?”

“இது எங்க அப்பா வழிக் கண்ணு. எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான்” என்று வெடுக்கென்று சொல்லி, குடுவையைத் திரும்ப உள்ளே வைத்து, அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்தவளுக்கு வேலை ஓடவில்லை. எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: இந்த நோயில் கண்ணின் வெண்படலம் மெலிந்து, உள்ளே உள்ள நீலம் தெரியும். ஆயிரம் தடவை படித்த வரி. கழிவறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக மை தீட்டிக்கொண்ட கண்தான். சின்ன வயதில் “என்ன அழகான கண்ணு” என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் என் பக்கத்திலேயே இருந்தவர்கள் யாரும் இந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. நாங்கள் ஃபிலிமைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அங்கேயே நின்று எண்ண ஆரம்பித்தேன். நாலு வயதில் காறை எலும்பு, கட்டிலிலிருந்து குதித்தது. ஆறில் மணிக்கட்டு. ஒன்பதில் கணுக்கால், நடந்துபோகையில் சும்மா மடங்கியது. பதின்மூன்றில் சுண்டுவிரல், கதவைச் சாத்தும்போது. அப்பாவுக்கோ கணக்கே இல்லை. பாயை உதறியதில் கை முறிந்த ஆள் அவர். நாற்பது வயதிலேயே காது மந்தம், அதுவும் அதே புத்தகத்தில் இருக்கிற அடையாளம். எங்கள் வீட்டில் இதற்கு ஒரே விளக்கம்தான்: எல்லோரும் அவசரக்குடுக்கை. எலும்பு முறிவது எங்களுக்குச் சளி பிடிப்பது மாதிரி. அதனால்தான் தோல் கொடுத்த அன்று படிவத்தில் ‘எலும்பு நோய் ஏதேனும் உண்டா’ என்ற இடத்தில் யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது நோய் இல்லை, சுபாவம்.

ஓடிப்போய்ப் பழைய ஃபிலிம்களை எடுத்தேன். நான் சேர்வதற்கு முன்னால் டாக்டரம்மாவின் செல்களை ஓட்டியது ஒன்று, என்னுடையது ஒன்று, விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவருடையதில் மூன்றாம் வகைப் பட்டை மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மங்கல். என்னுடையதில் கோடு போட்டாற்போல நின்றது. பிறகு குழந்தையின் ஃபிலிமை எடுத்தேன். அதிலும் கோடு. என்னுடையதுபோலவே கோடு. என்னுடையதுபோல் இருந்ததால்தான் இயல்பு என்று எழுதியிருந்தேன்.

“சார்” என்று கத்தினேன்.

சோடா வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். “நம்ம ஜெல்லுல மூணாவது கொஞ்சம் தூக்கலாத்தான் வரும்னு ரெண்டு வருஷமா நானே எல்லாருக்கும் சொல்லிட்டிருந்தேனேம்மா” என்றார். ஃபிலிமிலிருந்து என் பக்கம் திரும்பினார். “நம்ம ஜெல்லு இல்லியா அது? நீதானா?”

“நான்தான் சார்.”

டாக்டரம்மா அறைக்கு இருவரும் போனோம். குள்ளமான உருவம், அளந்து பேசுகிற வாய். நான் கண்ணைக் காட்டினேன், முறிந்த எலும்புகளைச் சொன்னேன், ஃபிலிமை வைத்தேன். என் மணிக்கட்டை மடக்கிக் கட்டைவிரலை உள்பக்கமாக வளைத்துப் பார்த்தார். அது முன்கையைத் தொட்டது; மூட்டு இப்படித் தளர்ந்திருப்பதும் இந்த நோயின் அடையாளம். என் விரல்கள் அப்படி வளைவது எல்லோருக்கும் தெரியும். டீ நேரத்தில் நானே வளைத்து வேடிக்கை காட்டியிருக்கிறேன், அவரும் சிரித்திருக்கிறார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

“பேங்க்ல வாட்ச்மேன் போடறப்பகூட ரெண்டு பேரைப் போடறாங்க. நான் ஒரே ஒருத்தியை நார்மல்னு நம்பி உக்காந்திருக்கேன். தப்பு என்னோடது” என்றார். “இந்த ரெண்டு வருஷத்துல இப்படி இயல்புன்னு எழுதுனது எத்தனை?”

“முப்பத்தொண்ணு, டாக்டரம்மா.”

“அத்தனையையும் திரும்பப் பாக்கணும். முதல்ல இந்தக் குழந்தை. கோர்ட்டுக்கு இன்னிக்கே எழுதறேன். ஆனா, எழுதுனா யாரோட செல்லு, என்ன கோளாறுன்னு சொல்லியாகணும். உனக்கு நோய் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுரும். யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன இருக்கு? எழுதுங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, அறையைவிட்டு வந்ததும் அழுதேன். நோய் இருப்பதற்காக அழுதேனா, அந்தப் பெண்ணை வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டதற்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாலையில் அப்பாவுக்கு போன் செய்தேன். காது கேட்காதவரிடம் இதை விளக்குவதற்குள் தொண்டை வற்றிவிட்டது. எல்லாம் புரிந்த பிறகு அப்பா ஒன்றுதான் கேட்டார்.

“அப்போ நான் அவசரக்காரன் இல்லியா?” என்றார்.

“இல்லப்பா.”

“உங்க அம்மா போற வரைக்கும் அதையே சொல்லித் திட்டிட்டுப் போனாளே.”

சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு மறுபடியும் அழுகை வந்தது.

கோர்ட்டிலிருந்து பதில் வந்தது. பழைய அறிக்கை தவறாக இருக்கலாம் என்றால் போதாது, புதிய அறிக்கை வேண்டும். குறித்த நாளுக்குள் கொண்டுவந்தால் பார்ப்போம் என்றார்கள். குழந்தையின் செல்கள் இருந்தன. சந்தேகமில்லாத நார்மல்தான் இல்லை. டாக்டரம்மாவின் செல்கள் ஒரே ஒரு சிமிழ் திரவ நைட்ரஜனில் உறைந்து கிடந்தது. உருக்கினோம், பிழைக்கவில்லை. அவர் வயதில் புதிதாகத் தோல் எடுத்தாலும் தீர்ப்புக்குள் வளர்ந்து வராது. வேறு ஊர் ஆய்வுக்கூடங்களில் கேட்டால் அனுப்பி வர நாளாகும். டாக்டரம்மா இரண்டு இடத்துக்கு எழுதினார். எழுதிவிட்டு எங்கள் அறைக்கு வந்தபோது சோடா நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்து வைத்திருந்தார். கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

“எடுங்க டாக்டரம்மா. நான் பாக்க மாட்டேன்.”

எடுத்து முடித்து, கட்டுப் போட்டு, டீ வந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. “முடிஞ்சுதா?” “முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு சார்.” நான் அவருக்கு இரண்டு பிஸ்கட் அதிகமாக வைத்தேன். ஒன்பது வருட பாக்கி என்று சொல்லி மூன்றாவதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அந்தத் தோல் இருக்கிறதே, அவரைப்போலவே நிதானம். பத்து நாள் ஒரு செல்கூட எட்டிப் பார்க்கவில்லை. நான் காலையும் மாலையும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து திட்டுவேன். பன்னிரண்டாம் நாள் துணுக்கின் ஓரத்திலிருந்து நாலைந்து நீளச் செல்கள் வெளியே வந்தன. நான் போட்ட கூச்சலில் காவலாளி ஓடிவந்துவிட்டார். மற்ற ஊர்ச் செல்கள் வரவேயில்லை. வழியில் எங்கோ வெயிலில் கிடந்து செத்துவிட்டதாகக் கடிதம்தான் வந்தது.

இதற்கிடையில் தையல்காரியின் கடைக்கு நானே போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். கொலாஜன் கெட்டுப்போகவில்லை, பாதிதான் உற்பத்தியாகிறது என்றேன்.

“நூல் நல்ல நூல்தான். ஆனா ரெண்டு தையல் போட வேண்டிய இடத்துல ஒரு தையல் போட்டிருக்கு.”

“ஆமா. அதேதான்.”

“அதை எப்படிக்கா முன்னாடியே பாக்காம விட்டீங்க?”

என் தோலை வைத்து ஒப்பிட்டதைச் சொன்னேன். மிஷின் நின்றது. சுவரில் மாட்டியிருந்த துணிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றோடும் அளவுக்கென்று வாடிக்கையாளர் கொடுத்த பழைய சட்டை ஒன்று குத்தியிருந்தது.

“அளவுச் சட்டையே தப்பா இருந்தா தைக்கிறது பூரா தப்பாத்தான் வரும்” என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மறுபடி மிஷினை மிதித்தாள். “சீக்கிரம் பாருங்கக்கா. அவ தவழ ஆரம்பிச்சுட்டா.”

சோடாவின் செல்கள் குடுவையை நிறைக்க நாலு வாரத்துக்கு மேல் ஆனது. வைட்டமின் சி கொடுத்து, பட்டைகள் ஃபிலிமில் பதிவதற்காகக் கதிர்க்குறியிட்ட அமினோ அமிலம் கொடுத்து, ஜெல் ஊற்றினோம். சோடா அவசரத்தில் தூக்கியதில் முதல் ஜெல் கிழிந்தது. ஒன்பது வருடத்தில் அவர் கிழித்த ஒரே ஜெல் அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது ஜெல்லில் மூன்று தடங்கள்: சோடா, குழந்தை, நான். ஃபிலிம் வைத்து நாலு நாள் காத்திருக்க வேண்டும். தீர்ப்புக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு மூன்று பேரும் இருட்டறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். சிவப்பு விளக்கில் திரவத்துக்குள் ஃபிலிமை ஆட்டினேன். பட்டைகள் மெதுவாக எழுந்து வந்தன. சோடாவின் தடத்தில் மூன்றாம் வகை அரைகுறையாக, மங்கலாக. குழந்தையின் தடத்தில் கோடு. என் தடத்தில் அதே கோடு.

நான் கைகொட்டிச் சிரித்தேன். என் எலும்பு கெட்டது என்று அந்த ஃபிலிம் அடித்துச் சொல்கிறது, நான் சிரிக்கிறேன். டாக்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். “நல்லா இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஆகப் பெரிய பாராட்டு அது. வாழ்க்கையில் அப்படி ஒரு காலை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இருட்டறையின் புளித்த வாடைகூட இன்றைக்கு எனக்கு வாசனையாகத்தான் நினைவிருக்கிறது.

மறுநாள் டாக்டரம்மாவே கோர்ட்டில் நின்று, எங்கள் தவறை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். பிற்பகலில் தீர்ப்பு வந்தது. குழந்தை தாயிடம் போகலாம். மற்ற முப்பது அறிக்கைகளையும் திரும்பப் பார்த்தோம், மூன்று மாற வேண்டியிருந்தது. அந்த மூன்று வீடுகளுக்கும் டாக்டரம்மா நேரில் போனார்.

தையல்காரி என்னையும் காப்பகத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். ஏன் என்று போன பிறகுதான் புரிந்தது.

சுவரெல்லாம் வெள்ளையடித்த நீள அறை. தரையில் பாய். குழந்தைக்கு இப்போது பதின்மூன்று மாதம். ஆயா அதைக் கொண்டுவந்து பாயில் உட்காரவைத்தாள். அது நிமிர்ந்து பார்த்தது. கண்ணின் வெள்ளையில் அந்த நீலம். தகப்பன் வாசலில் நின்றான். தையல்காரி பாயின் ஓரத்தில் மண்டியிட்டாள். கையை நீட்டினாள், பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“எப்படித் தூக்கணும்க்கா?” என்றாள் என்னிடம்.

“நீங்க அம்மா. என்கிட்ட போய்…”

“அஞ்சு மாசமா இந்தக் கைதான் உடைச்சுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. என் கையைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. அவளால சொல்ல முடியாது. உங்களுக்கும் அதே எலும்புதானே? எப்படித் தூக்குனா வலிக்காது? நீங்க சொல்லுங்க.”

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். “அக்குளைப் பிடிச்சுத் தூக்காதீங்க. ஒரு கை அடியில, ஒரு கை முதுகுல, விரலை நல்லா விரிச்சு.” பிறகு புத்தகத்தில் இல்லாததையும் சொன்னேன். “எனக்கு உடைஞ்சதெல்லாம் ஞாபகம் இருக்கு. யாரும் தூக்கி எதுவும் வலிச்சதா ஞாபகமே இல்ல. தூக்குங்க.”

ஒரு கையை அடியில் கொடுத்தாள். ஒரு கையை முதுகில் விரித்தாள். தூக்கி மார்போடு வைத்ததும் குழந்தை வீறிட்டது. ஆயாவைப் பார்த்துக் கைகள் இரண்டையும் நீட்டி, உடம்பை வளைத்துக்கொண்டு அழுதது. ஆயா பதறி எழுந்தாள். தகப்பன் உள்ளே ஓடிவந்தான். ஏதோ முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தையல்காரி மட்டும் அசையவில்லை. தலையைச் சாய்த்து, அந்த அழுகையைக் காதால் அளந்து பார்த்தாள். நாலு தடவை எலும்பு முறிந்த அழுகையைப் பக்கத்தில் இருந்து கேட்டவள்.

“பயப்படாதீங்க. இது வலியில அழற அழுகை இல்ல” என்றாள். பிள்ளையை இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்தாள். “நான் யாருன்னு தெரியாம அழறா.”